ஒட்டுப் போட்ட சரணம்

மகள் அக்ஷராவின் வளைகாப்பில் அந்தப் பழைய சினிமாப் பாட்டைத்தான் பாடுவேன் என்று என் மனைவி சுந்தரவல்லி ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு நினைவிருந்ததோ பல்லவி மட்டும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மறந்துபோன சரணத்துக்குப் பதிலாக ‘கரியாஹாட் டிராமிலே கண்ணசந்த அக்ஷரா’ என்று தானே ஒட்டுப் போட்டுப் பாடித் தூங்கவைப்பாள்.

வளைகாப்பன்று காலையில் கரியாஹாட் நடைபாதைக் கடை ஒன்றில், முழுப் பாட்டுக்காக நான் தேடிக்கொண்டிருந்த இசைத்தட்டு கிடைத்தேவிட்டது. உறையில் அதே பல்லவி! ஆவலைக் காட்டினால் விலை ஏறும்; கொட்டாவி விட்டபடியே வாங்கினேன்.

“தாதா, இது உங்களுக்கும் மூத்தது” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் வங்காளிக் கடைக்காரன்.

வீட்டில் ஊசியை வைத்தேன். “இதேதான்னா!” என்று துள்ளினாள் சுந்தரவல்லி. பல்லவி முடிந்து சரணம் வந்தது: ‘கரியாஹாட் டிராமிலே கண்ணசந்த அக்ஷரா.’

“ஐயோ, அது நான் கட்டினதாச்சே!”

“ராயல்டி கேட்டுடலாம் விடு” என்றேன்.

இரண்டாம் சரணத்தில் வேறொரு குழந்தையின் பெயர் வந்தது. அக்ஷரா வயிற்றில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்பா, இந்தப் பேரை நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே!”

தட்டு சுழன்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது.