டேப் சுற்றிய பேனா

எப்படி மாறியது என்பதுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. இரண்டு இன்சுலின் பேனாக்களையும் சாப்பாட்டு மேஜையில் போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து உருட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்று சாப்பிடும் முன் போடுவது. மதகைத் திறந்துவிட்ட மாதிரி உடனே பாயும். மற்றது படுக்கும்போது போடுவது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து நாள் முழுக்க வரும். ராத்திரி அளவுக்குச் சாப்பாட்டு மருந்தைப் போட்டால், உடம்பிலிருக்கும் சர்க்கரையை அது மொத்தமாக வழித்துவிடும்.

நேற்று நடந்தது அதுதான். மனைவிக்கு வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறியது. அந்தச் சத்தத்தில் விழித்தவர் கூப்பிட, அடுத்த தெருவிலிருந்து மகள் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் விடிந்த பிறகுதான் உயிர் தப்பியது என்றார்கள்; மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"என்னை எழுப்பியிருக்கலாம்ல? தினமும் நான்தானே போட்டு விடறேன்?"

"நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. சரி, ஒரு நாளைக்கு நானே போட்டுக்கலாம்னு எடுத்தேன். மாறிப்போச்சு."

"அப்பா, இதையே மூணாவது தடவை கேக்கறீங்க. போலீஸ்லகூட இவ்வளவு விசாரணை கிடையாது" என்றாள் மகள், அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டே. அம்மாவுக்கு இடது தோள் இறுகிப்போய் வெகு நாளாயிற்று. அந்தக் கை மேலே எழும்பாது.

"பழுது எங்கேன்னு தெரியாம லிஃப்ட்டை ஓட விட்டா மறுபடி விழும்டி. இன்னைக்கு ராத்திரியும் ஊசி உண்டு. உங்கம்மாவைத் தொலைக்க நான் தயாரா இல்ல."

"போயும் போயும் என்னை லிஃப்ட்டாக்கிட்டாரு பாரு." மனைவி சிரிக்கப் பார்த்தாள். "தப்பு என்னோடது. விடுங்களேன்."

அவர் விடவில்லை. இருட்டில் தடவினாலும் தெரியட்டும் என்று ராத்திரிப் பேனாவில் சொரசொரப்பான டேப்பை அவரேதான் சுற்றியிருந்தார். அதன் இடம் கட்டில் தலைமாடு. வழவழப்பான பேனாவுக்குச் சமையலறை அலமாரி.

இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டில் வரை நடந்து துழாவினார். கை நேராக டேப்பில்தான் விழுந்தது. மாற வேண்டுமானால், ஒருவர் சமையலறைக்கே போய் மற்றதை எடுத்து வந்திருக்க வேண்டும்.

யோசித்துக்கொண்டே அந்தப் பேனாவோடு திரும்பி வந்தார். மகள் பின்னலை அம்மாவின் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது: மனைவியின் வலது மேல்கையின் பின்புறத்தில், மிளகளவு நீலமாகக் கன்றியிருந்தது. நேற்றுச் சாப்பிடும் வரை அது அங்கே இல்லை.

"இது ஆஸ்பத்திரில குத்தினதா?"

"இல்லப்பா, அங்க புறங்கைலதான்..." மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

மெக்கானிக் மூடி கழற்றாத பேனாவை இடது கையில் பிடித்தார். தன் வலது மேல்கையின் பின்புறத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இடது கை மார்புக்குக் குறுக்கே போய், முழங்கை தோள் உயரத்துக்கு எழ வேண்டியிருந்தது.

மனைவியின் இடது கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். பாதியிலேயே நின்றது. அவள் பல்லைக் கடித்தாள்.

"நேத்து நீயா போட்டுக்கிட்ட?"

"நானேதாங்க" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ராத்திரி அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். நேற்றைய பொழுதை அவர் நினைவில் ஓட்டிப் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவியது வரை இருந்தது. அதற்கப்புறம் அவள் குழறிய சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியின் கையை அவள் மடியிலேயே திரும்ப வைத்தார். பேனாவை மகள் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே என் கைல ஊசியக் குடுக்காதீங்க."