புகைக் குகை

பகடை உருட்டி ஆடும் சாகசக் கதை விளையாட்டு சூடுபிடித்திருந்தது. அதை நடத்துபவர் சமையல்கார அக்கா.

"குகை முழுக்கப் புகை. முன்னால ஒரு கதவு. என்ன செய்யப் போறீங்க?"

"உதைச்சுத் திறந்து ஒரே ஓட்டம்!" மந்திரவாதியாக ஆடிய மீசைக்காரர் துள்ளினார். மூன்று வாரமாகத் தேடிய புதையல் கதவுக்கு அந்தப் பக்கம்தான்.

"கதவு சுடுதான்னு தொட்டுப் பார்த்தீங்களா?"

"மந்திரவாதி எதுக்குத் தொட்டுப் பார்க்கணும்?"

"அப்போ தீ உள்ளே பாய்ஞ்சிடுச்சு. நிமிர்ந்து ஓடினதால புகையில மயக்கம் வேற. மந்திரவாதி காலி!"

பின்னாலேயே ஓடிய மற்ற இரு ஆட்டக்காரர்களின் வாள்வீரனும் வில்லாளியும் காலி.

"எந்த முட்டாள் எழுதின விதி இது?" மீசைக்காரர் குதித்தார். "புகையில தவழ்ந்துக்கிட்டா போவாங்க?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைக் காட்டினார். 'தீ விபத்தில் செய்ய வேண்டியவை' என்ற பலகையில் அதே விதிகள். அடியில் மீசைக்காரரின் கையெழுத்து: தீயணைப்பு நிலைய அதிகாரி.

அவர் வாய் திறப்பதற்குள் அபாய மணி அலறியது. செத்துப்போன மூவரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பறந்தார்கள்.

"ஐயா!" அக்கா ஜன்னல் வழியே கத்தினார். "கதவைத் தொட்டுப் பார்த்துட்டுத் திறங்க!"