பழைய இமேஜுக்கு ஒரே ஆள்

புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. அதன் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கன்டெய்னர் இமேஜ், அதாவது இறக்கியதும் அப்படியே ஓடும் மென்பொருள் பொதி, தயாரித்து வெளியிடுவது அவள் வேலை.

“இந்த அரதப்பழசு இமேஜை இன்னும் ஏன் கட்டிட்டு அழறே? அழிச்சிடு!” மேஜைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டிமேல் காலை நீட்டியபடி சொன்னார் மேலாளர்.

“ஒருத்தர் மட்டும் தினமும் அதை டவுன்லோடு பண்றார் சார்.”

“எந்தப் புண்ணியவான்? போனைப் போடு, நாலு வார்த்தை நறுக்குனு கேட்கிறேன்.”

அந்த டவுன்லோடு கணக்கில் பதிவாகியிருந்த நம்பரை அவள் நிதானமாக அழுத்தினாள்.

மேலாளரின் சட்டைப்பை அலறியது.

“நீங்க இன்ஜினியரா இருந்தப்ப வச்ச டெஸ்ட் மெஷின் சார். தினமும் பழசை இறக்கி, அது மேல புதுசு ஒழுங்கா ஏறுதான்னு இன்னமும் அதுதான் பார்க்குது. அது தலையாட்டினாத்தான் நம்ம ரிலீஸே வெளிய போகும். அழிச்சிடவா?”

மேலாளர் பெட்டிமேலிருந்த காலை மெல்ல எடுத்தார்.