வாய் ஓயாத மதினி

"இன்னைக்கும் மதினி வந்தாவன்னா அடுத்த வாரம் நான் வரலப்பா. சொல்லிட்டேன்" என்றான் மாரிசாமி.

எனக்கும் அதே எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மில் லீவு. ராஜபாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பெருமாள் மலைக்குப் போகும் வழியில் இருக்கும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பறவை பார்ப்போம். நான், மாரிசாமி, எங்கள் தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பன் அண்ணாச்சி. சீட்டு, தண்ணி எதுவும் இல்லாத எங்களுக்கு வாரத்தில் இது ஒன்றுதான் கொண்டாட்டம்.

அதிலும் மண் விழுந்தது. இந்தக் கார்த்திகையிலிருந்து அண்ணாச்சி தன் சம்சாரம் அழகுத்தாயையும் கூட்டி வர ஆரம்பித்துவிட்டார். மதினிக்குப் பறவையும் பிடிக்காது, வெயிலும் பிடிக்காது. வாய் மட்டும் ஓயவே ஓயாது.

"அந்தா, கருவேல மரத்தடியில நிக்கதைப் பாத்தீயளா? மூக்கைப் பாரு, அரிவாளை வளைச்சு ஒட்டவச்ச கணக்கா! இதைப் பாக்கவா விடியுமுன்னே என்னை இழுத்துட்டு வந்தீய?"

அண்ணாச்சி பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்புவார். "அரிவாள் மூக்கன்" என்பார்.

"இங்க ஒரு கருப்பன் கல்லு மேல ஏறி, சிறகை விரிச்சுக் காயப்போட்டுக்கிட்டு நிக்கான். வேலை வெட்டி இல்லாத பய!"

"நீர்க்காகம்."

என்ன பொறுமையப்பா இந்த மனுசனுக்கு! 'செத்த நேரம் சும்மா இரு' என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

மற்ற நாள் என்றால் பொறுத்துப் போயிருப்போம். ஆனால் வரித்தலை வாத்து வந்திருப்பதாகச் சேதி. இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து. அண்ணாச்சி அதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. மாசியும் முடியப்போகிறது, வந்ததெல்லாம் ஊர் திரும்பிவிடும்.

"இந்த வருசம் எப்படியும் பாத்துரணும்லே" என்று பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை சொல்லிவிட்டார்.

மதினி போடுகிற சத்தத்துக்கு அது எங்கே கிட்ட வரும்? மாரிசாமி ஒரு வேலை செய்தான். கரையில் போய் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"மதினி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு மலையேறிப் பெருமாளைக் கும்பிடாமலா போறது? வெயில் ஏறுமுன்னே ஒரு எட்டு போயிட்டு வந்துருங்களேன்."

மதினி முகம் மாறிவிட்டது. "நான் போயிட்டா அவியளுக்கு..."

"நாங்க ரெண்டு பேரு எதுக்கு இருக்கோம்?"

"அவ இருக்கட்டுமேலே" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

மாரிசாமி விடவில்லை. சாமி விஷயம் பாருங்கள், மதினியாலும் மறுக்க முடியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அப்பாடா! காது குளிர்ந்தது. மூன்று பேரும் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாரிசாமி என் கையைப் பிடித்து அழுத்தினான். கோரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நீந்தி வந்தன. வெள்ளைத் தலை, அதில் கறுப்புக் கோடு. அதேதான்! எங்களுக்கு நேர் எதிரே, பைனாகுலரே தேவைப்படாத தூரத்தில்.

மூச்சுக்கூட விடாமல் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் பைனாகுலரை நேராக அந்த வாத்துகள் மேல் வைத்தார். இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். கீழே இறக்கினார்.

"இன்னைக்கும் ஒண்ணையும் காணோமேலே" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ரெண்டு கண்ணிலும் பால் படர்ந்த மாதிரி புரை.

"அண்ணாச்சி..."

அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"பங்குனியில மதுரையில ஆபரேசன்லே. இப்பவே பண்ணுனா ஒரு மாசம் வெளியே தலைகாட்டக் கூடாதாம். பறவையெல்லாம் போனப்பொறவு பண்ணிக்கிடலாம்னு நாந்தான் தள்ளிப்போட்டேன். உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவதான், 'நான் வாரேன், நீங்க சும்மா உக்காருங்க, ஒருத்தருக்கும் தெரியாமப் பாத்துக்கிடுதேன்'னா."

நான் மாரிசாமியைப் பார்த்தேன். மதினியை மலைக்கு விரட்டிய மகராசன் எழுந்து நின்றான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கண்மாயைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தான்.

"என்ன கொழுப்பு பாத்தியளா இதுகளுக்கு! வெள்ளைத் தலையில ரெண்டு கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கிட்டு, நேர் எதுத்தாப்புல, கோரை ஓரமா, சம்பந்தி வீட்டுக்காரவுக கணக்கா ஆடி அசைஞ்சுல்லா வருதுக!"

வாத்துகள் எங்களைச் சட்டை செய்யவே இல்லை. அண்ணாச்சி படக்கென்று பைனாகுலரைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துருச்சாலே? வரித்தலை வாத்துலே அது! உடம்பு என்ன நிறம்? சாம்பலா?"

"சாம்பல்தான் அண்ணாச்சி!"

பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. மதினி. பாதி வழியிலேயே திரும்பி ஓடி வந்திருக்கிறாள். மாரிசாமி திருதிருவென்று விழித்தான்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சியை ஒட்டி உட்கார்ந்தாள்.

"மூக்கும் காலும் மஞ்சளா இருக்கே, அதை யாரு சொல்லுவா? திட்டுனா முழுசாத் திட்டணும், தம்பி."