விடைக்குக் கீழே இரண்டு கோடு

தாள் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் கணக்கு டீச்சருக்கு அந்த இரண்டு கோடுகள் ஞாபகம் வந்தன.

கடைசி வரிக்கு அடியில் போட்டுத் தொலைத்திருந்தாள். வகுப்பில் கணக்கு முடிந்ததும் விடைக்குக் கீழே போடுவாளே, ஸ்கேல் இல்லாமலே நேராக, அதே இரண்டு கோடுகள். கையை மாற்றி எழுதியும் பழக்கம் மாறவில்லை.

சனிக்கிழமை எழுத்துக் கூட்டத்தில் எல்லோரும் இடது கையால்தான் எழுத வேண்டும். ஒரே கரும்பலகையில் மாற்றி மாற்றி எழுதிப் பிழைக்கிறவர்கள். வலது கையால் எழுதினால் அது யாருடைய எழுத்து என்று அடுத்த பீரியடுக்கு வருகிறவர் அரைக்கண்ணில் சொல்லிவிடுவார். விளையாட்டு சாரின் எழுத்து மட்டும் எந்தக் கையால் எழுதினாலும் ஒரே லட்சணம்.

பெயர் போடக் கூடாது. சாக்பீஸ் பெட்டியில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த தாளைத் தன்னுடையதைப் போல உரக்கப் படிக்க வேண்டும். எழுதியது யாரென்று கேட்கக் கூடாது. நூலக அறைக்குள் வந்துவிட்டால் ஆளுக்கு அவரவர் பாடம்தான் பெயர். பதவி, உறவு எல்லாம் செருப்போடு வாசலில்.

இத்தனை பந்தோபஸ்து இருக்கிற தைரியத்தில்தான், நெஞ்சில் கிடந்து உறுத்தியதை அவள் எழுதிப் போட்டிருந்தாள். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. வருகிறேன் என்று பதிலும் அனுப்பியாயிற்று. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை.

அறிவியல் டீச்சர் பெட்டியைக் குலுக்கினாள். உள்ளே கிடந்த சுண்ணாம்புத் தூள் புகையாகக் கிளம்பியது.

கணக்கு டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள். ஜன்னல் வரைக்கும் போனாள். தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தாள். ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று என்று சொல்லித் தாளைத் திரும்ப வாங்கிவிடலாமா? கேட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

"என்ன கணக்கு டீச்சர், விடை தப்பாப் போச்சா?" என்றாள் அறிவியல் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

யார் கைக்குப் போனாலும் சமாளித்துக்கொள்ளலாம். தமிழய்யா கைக்கு மட்டும் போகக் கூடாது. அவர் ஒரு வரியைப் படித்தால், எழுதிய ஆளையும் சேர்த்துப் படித்துவிடுகிறவர்.

போயிற்று.

மடித்த தாளின் மூலையில் அவளுடைய மை ஒட்டியிருந்தது.

தமிழய்யா எதையும் முதலில் மனசுக்குள் ஒரு முறை ஓட்டிவிட்டுத்தான் வாய் திறப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பார்வை வரிவரியாக இறங்கி, தாளின் அடிக்குப் போய், அங்கேயே நின்றது.

நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நாற்காலிக்கு அடியில் அவள் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் படிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. எனக்காக நானே கேட்டு வாங்கிய முதல் காரியம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் சண்டை போட்டு ஜெயித்துவிடுவேன். சரி போ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டால்? அப்புறம் யார் மேல் கோபப்பட்டுக்கொண்டு ரயில் ஏறுவது?"

அவ்வளவுதான் அவள் எழுதியது. கோடுகள் இருந்தது அந்தக் கடைசிக் கேள்விக்குக் கீழேதான்.

தமிழய்யா தாளை மடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே படித்தார்.

"பிறகு ஒரு நாள் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவா இவ்வளவு பயம் என்று மட்டும் கேட்டார்கள். அப்புறம், கூட வந்து வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார்கள்."

இப்போதுதான் மடித்தார்.

கணக்கு டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரிகள் தாளில் இல்லை. எந்தக் கையாலும் அவள் அதை எழுதவில்லை.

மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கை தட்டினார்கள். விளையாட்டு சார் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஜலதோஷம் என்றார். அறிவியல் டீச்சருக்கு எப்போதும்போல வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரோ, குடுத்து வெச்சவங்க! ஏன் தமிழய்யா, நம்ம கணக்கு டீச்சர் இப்படி வந்து நின்னா, நீங்க பொண்டாட்டிய அனுப்பி வெப்பீங்களா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. வாசலில் விட்டுவிட்டு வந்த உறவை இப்படி உள்ளே இழுத்துக்கொண்டு வருவது விதிக்கு விரோதம் என்று யாரோ சொன்னார்கள்.

தமிழய்யா அவள் பக்கம் திரும்பவில்லை. தாளைப் பெட்டியில் போட்டு மூடியை அழுத்தினார்.

"அவ இன்னும் எங்கிட்ட கேக்கவே இல்லியே" என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். அடுத்துப் படிக்க வேண்டியது கணக்கு டீச்சர்தான். அவள் எழுந்து நின்றாள். கையில் யாருடைய தாளோ இருந்தது. ஓர் எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் வைத்தா இதைச் சொல்ல வேண்டும் இந்த மனுஷர்!

தாளை மேஜைமேல் வைத்தாள்.

"நான் போற அன்னிக்கு உங்களுக்கு லீவு கெடைக்குமாங்க?" என்று கேட்டாள்.