மூன்றாவது கை

ஹாக்கியில் சாகாவரம் பெற்ற ஆட்டக்காரர்களை விருப்பு வெறுப்பற்ற மூன்று பேர், தராசு முள்ளைப் போல் நடுநிலையில் நின்று, புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் இருவருடைய பற்களை உடைத்தவர்தான் இந்த முறை பரிசீலனைக்கு வந்திருந்த செண்பகராஜ். வழக்கப்படி, தன் பழைய மட்டையோடு கதவுக்கு வெளியே காத்திருந்தார். மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். மூன்று தடவைக்கு மேல் ஒருவர் பெயரை எடுப்பதில்லை. அவருக்கு இது மூன்றாவது தடவை.

பல் போன இருவரும் உடனே கை தூக்கினார்கள். “அவனை மண்டபத்துல ஏத்தலேன்னா, போறவன் வாறவன்கிட்டயா பல்லைக் குடுத்தேன்னு ஊரு சிரிக்கும்லா?” என்றார் தலைவர் ஞானதுரை, பல் செட்டைச் சரிசெய்துகொண்டே.

மூன்றாமவர் பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டார். “பெரிய ஆட்டக்காரன்னு சொல்லுதிய. எதிர் டீம்ல பன்னெண்டு வருசம் இருந்தேன். என் மேல ஒரு கீறல் காட்டுங்க அண்ணாச்சி, பாப்போம்.”

கதவு திறந்தது. செண்பகராஜ் உள்ளே வந்தார். மட்டையைத் தாழ்வாக வீசினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் வராந்தா வரை கேட்டது. அடுத்த வீச்சு தாடையில் இறங்கியது. விண்ணப்பத்தின் மேல் இரண்டு பற்கள் வந்து விழுந்தன.

“இப்பம் என்னடே சொல்லுத?” என்று ஞானதுரை குனிந்து கேட்டார்.

பொன்னுரங்கம் ரத்தத்தைத் துப்பினார். “ஆட்டக்காரன்தான்,” என்று தரையில் கிடந்தபடியே கை தூக்கினார். முகத்தில் பெருமை தெரிந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

எதிர் அணிக்காகப் பொன்னுரங்கம் ஒரு நாள்கூடக் களத்தில் இறங்கியதில்லை. கோட்டுக்கு வெளியே, மற்றவர்களின் சட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவர் அவர்.