தாழம்பூ வாசம்

குற்றால அருவியில் பெண்கள் பக்கம் வெயிலும் சாரலுமாக இருக்கிறது. போன மாதம் மாதர் சங்கத்தில் வீட்டுச் சோப்பு காய்ச்சக் கற்றுக்கொடுத்த கிராமசேவிகை பொன்னுத்தாய், கடையில் வாங்கிய சோப்பைக் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தாழம்பூ வாசம் வீசுகிறது. "டீச்சர்!" சங்கத்துக்கு வரும் சைதூன் பீவி ஈரச்சேலையோடு எதிரே நிற்கிறாள். பொன்னுத்தாயின் கை சட்டென்று சோப்பை மூடிக்கொள்கிறது. விரலிடுக்கில் நுரை பிதுங்குகிறது. சைதூன் ஓலைக்கொட்டானிலிருந்து கோணலாக அறுத்த மஞ்சள் நிறச் சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். சோப்புக் காரம் பட்டு அவள் விரல்நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. "நீங்க சொன்ன மாதிரியே காய்ச்சினேன் டீச்சர். இனி கடைச் சோப்பு வீட்டுக்குள்ள வரப்படாதுன்னு அவுகட்ட சொல்லிட்டேன்." பொன்னுத்தாய் இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொள்கிறாள். வலது கை திறக்கவில்லை. சைதூன் மூச்சை இழுத்து முகர்கிறாள், முகம் மலர்கிறது. "நீங்க காய்ச்சினதுல மட்டும் எப்படி டீச்சர் இம்புட்டு வாசம் வருது?"